தீவுக்கு வந்த வாத்தியார்: வேதப்பன் சாலமனும் பேராயர் ஜான் ரிச்சர்ட்சனும்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல நம் சமண நூல்களைப் பற்றி ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். வந்தவாசிப் பக்கத்து நயினார், பாம்பூஃப்ளாட்டில் கடை வைத்திருப்பவன், வேறு என்ன எழுதப்போகிறான்? ஆனால் இந்த முறை ஒரு கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறேன். நம்மில் பலருக்கும் தெரியாத ஒரு தமிழரின் வரலாறு அது. எனக்கும் இருபது வருஷத்துக்கு மேல் தெரியாமல்தான் இருந்தது.

நான் இந்தத் தீவுக்கு வந்தது 1982-ல். சாத்தம் ஜெட்டியில் படகு ஏறி, மரமறுக்கும் ஆலையைப் பின்னால் விட்டு, இந்தக் கரையில் இறங்கினேன். மேலே ஹாரியட் மலை. 2021-ல் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள். 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் படகில் ஏறும்போது நாம் இன்னும் "பிளேர் போய்ட்டு வர்றேன்" என்றுதானே சொல்கிறோம்! பெயர் மாறினாலும் பழக்கம் சீக்கிரம் மாறுவதில்லை.

2004 டிசம்பர் 26-ஐ நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நம் தெருவில் கடல் வந்து நின்றதை நாமே பார்த்தோம். நிக்கோபாரில் நடந்ததோ அதைவிடப் பல மடங்கு. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் போர்ட் பிளேர் முகாம்களில் இருந்தார்கள். 2005 ஜனவரியில் ஒரு வயதான கார் நிக்கோபார்க்காரர் என் கடைக்கு வந்தார். அரிசியோ பருப்போ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது சிலேட்டும் பல்பமும், நோட்டும் பென்சிலும். முகாமில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் ஆரம்பிக்கணுமாம். வீடு போயிருக்கு, தோப்பு போயிருக்கு, சொந்தம் எத்தனை போச்சு என்று கணக்கு இல்லை. அந்த மனுஷர் முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் யோசிக்கிறார்!

காசு வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "சேட்ஜி, நீங்க மதராசியா?" ஆமாம் என்றேன். "எங்க தீவுக்கு முதல்ல எழுத்து சொல்லிக் கொடுத்த வாத்தியாரும் மதராசிதான். சாலமன்." சொல்லிவிட்டு நோட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வெட்கமாகப் போச்சு. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது என்று மேடையில் பேசுவேன். மணிமேகலையில் வரும் சாதுவன் கதையைச் சொல்வேன். நூறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு தமிழ் வாத்தியாரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். ஆங்கிலப் புத்தகங்களை என் மகள் வாசித்துச் சொல்லுவாள், நான் குறிப்பு எடுப்பேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தரங்கம்பாடியிலிருந்து வந்தவர்கள்

நிக்கோபாருக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள தொடர்பு சாலமனோடு தொடங்கவில்லை. அதுவும் நம் தமிழ்க் கரையிலிருந்தே கிளம்பியது. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் 1750-களின் நடுவில் நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையது என்று அறிவித்தார்கள். பின்பு மொராவியச் சகோதரர்கள் என்னும் ஜெர்மானிய ஊழியர்கள் தரங்கம்பாடியில் தோட்டம் போட்டுத் தங்கி, அங்கிருந்து 1768-ல் நான்கவுரித் தீவுக்குப் போனார்கள்.

அவர்கள் சோம்பேறிகள் அல்ல, பணத்துக்காக வந்தவர்களும் அல்ல. தங்கள் கையால் காடு வெட்டி, வீடு கட்டி, சங்கு சிப்பி பொறுக்கி விற்று வயிற்றைக் கழுவினார்கள். ஆனால் காய்ச்சல் அவர்களை விடவில்லை. 1787-ல் கடைசியாகத் தீவை விட்டுப் போகும்போது 11 பேர் அங்கேயே புதைக்கப்பட்டிருந்தார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகு அதே நோயில் மேலும் 13 பேர் இறந்தார்கள். கடைசி வரை இருந்த ஹேன்சல் என்பவர், பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் 1812-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. மொழி பிடிபடாமல் பட்ட பாட்டை அவற்றில் காணலாம். சுமார் 20 வருட உழைப்பில் சொல்லும்படியான ஒரு சபை அங்கே உருவாகவில்லை.

1831-ல் ரோசன் என்ற டேனிஷ் பாதிரியாரும் வந்து, 1834-ல் திரும்பினார். 1868-ல் டென்மார்க் தன் உரிமையைக் கைவிட்டது. 1869-ல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? பக்தி இருந்தது, தியாகம் இருந்தது, உயிரையே கொடுத்தார்கள். அப்புறமும் ஏன் நிலைக்கவில்லை? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேதப்பன் சாலமன்

வேதப்பன் சாலமன் சென்னை மாகாணத் தமிழர், ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார். உபதேசியார் என்றால் குருப்பட்டம் பெறாதவர், சபையில் கீழ்ப்படிதான். போர்ட் பிளேரில் நிக்கோபார்ப் பிள்ளைகளைப் பராமரித்துப் படிப்பு சொல்லிக் கொடுத்து வந்தார். 1890-களின் நடுவில் கார் நிக்கோபார் தீவின் வட முனையில் உள்ள மூஸ் கிராமத்துக்கு வந்து குடியேறினார்.

அங்கே அவருக்கு வேலை ஒன்றல்ல. அரசாங்கத்தின் ஏஜெண்டு அவர்தான். வந்து போகும் கப்பல்களைப் பதிவு பண்ணணும், மழை காற்று கணக்கு எழுதணும், வியாபாரிகளின் லைசென்சைப் பார்க்கணும், சாராயமும் துப்பாக்கியும் தீவுக்குள் வராமல் தடுக்கணும். இத்தனைக்கும் நடுவில் பள்ளிக்கூடம்.

நான் வியாபாரி என்பதால் இந்த லைசென்சு விஷயத்தில் ஒரு வார்த்தை. கார் நிக்கோபாரில் அப்போது காசு கிடையாது, தேங்காய்தான் காசு. துணி, கத்தி, அரிசி எல்லாவற்றுக்கும் விலை இத்தனை தேங்காய் என்று இருந்தது. சௌரா தீவில் மட்டும்தான் மண்பானை செய்வார்கள், அதற்கும் தேங்காய் விலைதான். வரும் வியாபாரி சரக்கைக் கடனாகக் கொடுத்துவிட்டு அடுத்த பருவத்துத் தேங்காயை எழுதி வைத்துக்கொள்வான். எழுதுபவன் அவன், எழுதப்படிக்கத் தெரியாதவர் இவர். கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டுமா? வெள்ளைக்கார மாலுமிகள் விளையாட்டாக வைத்துவிட்டுப் போன பெயர்களைத்தான் அந்த மக்கள் பலரும் சுமந்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பையனுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித் தருவது எத்தனை பெரிய காரியம்!

சாலமன் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். தீவில் யார் இறந்தார், என்ன சடங்கு நடந்தது, எந்தப் படகுக்கு என்ன விருந்து, பேயோட்டும் முறை என்ன என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். பில்லி சூனியக்காரர் என்று சந்தேகப்பட்டவரை ஊரார் கூடிக் கொன்றுவிடும் கொடுமையும் அப்போது அங்கே இருந்தது, அதையும் பதிவு செய்தார். தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் இந்தக் குறிப்புகளின் மதிப்பை உணர்ந்தார். அவற்றின் பகுதிகள் 1902-ல் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழிலேயே சாலமன் பெயரில் அச்சாயின. ஒரு தமிழ் உபதேசியாரின் எழுத்து லண்டன் அறிஞர் சபையில்! 1901-ல் தீவுக்கு வந்த போடன் க்ளோஸ் என்ற பயணியும் தம் புத்தகத்தில் சாலமனையும் அவர் பள்ளிப் பிள்ளைகளையும் பற்றி எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. சாலமன் அந்த மக்களின் பழக்கத்தைக் கண்டிப்பதற்கு முன் கவனித்தார், அவர்கள் மத்தியிலேயே குடியிருந்தார், பிள்ளைகளைத் தம்மோடு வைத்து வளர்த்தார். மணிமேகலையில் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவன் என்ற வணிகன் பிழைத்தது எதனால்? அவனுக்கு அந்த மக்களின் மொழி தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் தலைவனோடு உட்கார்ந்து கொல்லாமையைப் பற்றிப் பேச முடிந்தது. அந்தத் தீவு நிக்கோபார்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியோ, பாடம் ஒன்றுதான்.

மாணவர்

சாலமனிடம் படிக்க வந்த பிள்ளைகளில் ஒருவர் ஹா செவ் கா. பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றவர். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று சாலமன் கண்டுகொண்டார். தம்மால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் படிக்க வேண்டும் என்று பர்மாவில் மண்டலே நகரத்து மிஷன் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். நன்றாக வேலை செய்யும் பையனைக் கடையிலேயே வைத்துக்கொள்ளத்தான் எந்த முதலாளியும் நினைப்பான். அனுப்பி வைப்பதற்குப் பெரிய மனசு வேண்டும்.

1909-ஓடு சாலமனின் காலம் முடிந்தது. ரிச்சர்ட்சன் படிப்பு முடித்துத் திரும்பி மூஸ் பள்ளியில் வாத்தியாராக அமர்ந்தது 1912-ல். நட்டவர் பழம் பார்க்கவில்லை.

அதற்குப் பின் ரிச்சர்ட்சன் செய்தவை பல. ஜார்ஜ் வைட்ஹெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் தீவில் ஊழியம் செய்து, கார் நிக்கோபார் மொழிக்கு ஓர் அகராதி தொகுத்தார். 1925-ல் ரங்கூனில் அது அச்சானது. ரிச்சர்ட்சன் தம் தாய்மொழியில் வேதத்தை மொழிபெயர்க்கும் பணியை ஏற்றார். எழுத்தே இல்லாதிருந்த மொழிக்கு ரோமன் எழுத்தில் ஒரு நூல் மரபு உண்டாயிற்று. பள்ளிக்கூடம், கோயில், கால்பந்து ஆட்டம் என்று எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. தீவின் துஹேத் என்னும் கூட்டுக்குடும்ப அமைப்பையோ, படகுப் பந்தயத்தையோ, ஊர்த் தலைவர்களின் அதிகாரத்தையோ அவர் கலைக்கவில்லை. புதிய மதம் வந்தால் பழைய உறவுகள் அறுந்துபோகும் என்ற பயம் எந்தச் சமூகத்துக்கும் உண்டு. அந்தப் பயத்தை அவர் தம் நடத்தையால் போக்கினார்.

அப்புறம் வந்தது சோதனை. 1942 மார்ச் 23-ல் ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள். கார் நிக்கோபாரும் அவர்கள் கைக்குப் போயிற்று. விமான தளம் கட்ட மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். போர் முடியும் தருவாயில், ஆங்கிலேயருக்கு உளவு சொன்னார்கள் என்று குற்றம் சாட்டிப் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். படித்தவர்களும் சபையாரும்தான் முதலில் சந்தேகத்துக்கு ஆளானவர்கள். ரிச்சர்ட்சனும் பிடிபட்டு வதைக்கப்பட்டார், ஆனால் உயிர் தப்பினார். அந்தக் கொலைகளுக்காக 1946-ல் சிங்கப்பூரில் ஜப்பானிய அதிகாரிகள் மீது போர்க்குற்ற விசாரணை நடந்தது.

தப்பிப் பிழைத்த தலைவன் அதற்குப் பின் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் தரம் தெரியும். ரிச்சர்ட்சன் சிதறிய ஊர்களைச் சேர்த்தார், பள்ளிகளை மறுபடி திறந்தார். மொராவியர் காலத்தில் கூடாத சபை இப்போது கூடியது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கார் நிக்கோபார் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர் ஆனார்கள். 2011 கணக்கெடுப்பில் நிக்கோபார் மாவட்டத்தின் 36,842 பேரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள்.

1950-ல் கல்கத்தா மறைமாவட்டத்தின் துணைப் பேராயராக அவர் உயர்த்தப்பட்டார். 1952-ல் முதலாவது மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் சார்பில் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார். டெல்லிப் பாராளுமன்றத்தில் நம் தீவுகளுக்காக உட்கார்ந்த முதல் மனிதர் இவர்தான். 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண். 1978-ல் காலமானார். கார் நிக்கோபார் அரசு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஒரு தமிழ் உபதேசியார் பேராயர் ஆகவில்லை, பத்மபூஷண் வாங்கவில்லை. அவரிடம் அ, ஆ கற்ற பையன் ஆனார்.

கிறிஸ்தவர்கள் சொல்வது

இந்தக் கதையை நான் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், சபையிலும் பொறுப்பில் இருந்தவர். அவர் சொன்னார்: "நயினார் அண்ணே, இது எங்களுக்குப் புதுசு இல்ல. கடவுள் ஒருத்தரைத் தலைவரா வைக்கணும்னா முதல்ல அழைப்பார், அப்புறம் ஆயத்தப்படுத்துவார், அப்புறம் கூடவே நடந்து வழி காட்டுவார். எல்லாம் அவர் செயல்."

அவர் உதாரணம் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மோசேக்குத் திக்குவாய். நான் எப்படிப் பேசுவேன் என்று தயங்கினார். அவருக்குத் துணையாக அண்ணன் ஆரோனைக் கொடுத்தார் கடவுள். அதற்கு முன் பல வருஷம் மீதியான் தேசத்தில் ஆடு மேய்க்க வைத்தார். வனாந்தரத்தில் மக்களை மேய்ப்பதற்கு அதுதான் பயிற்சி. மோசே தாமே போய்ச் சேர முடியாத தேசத்துக்கு யோசுவா கூட்டிக்கொண்டு போனார். ஆனால் யோசுவா திடீரென்று வந்தவர் அல்ல, மோசேயின் பக்கத்திலேயே நின்று கற்றவர், மோசே கை வைத்து நியமித்தவர். தாவீதும் ஆட்டிடையன். பேதுரு மீன் பிடிப்பவர், மூன்று முறை ஆண்டவரைத் தெரியாது என்றவர், அவரிடமே மந்தை ஒப்படைக்கப்பட்டது. தகுதி பார்த்து அழைப்பதில்லை, அழைத்த பின் தகுதி கொடுக்கிறார் என்பது அவர்கள் கொள்கை. தகுதி என்று எதைச் சொல்கிறார்கள்? பேச்சுத் திறமையை அல்ல. பொறுமை, தாழ்மை, மக்களுக்காகத் துன்பப்படும் மனசு, இவற்றைத்தான்.

நம் தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, வெளிநாட்டார் பணம் இல்லாமல் நம்மவரே ஊழியம் செய்ய வேண்டும் என்று 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். தாமே தெலுங்கு நாட்டு தோர்னக்கலுக்குப் போய் அந்த மொழியைக் கற்று அங்கேயே வாழ்ந்தார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ரிச்சர்ட்சன் மூஸ் பள்ளிக்குத் திரும்பிய அதே ஆண்டு! ஒருவர் ஊரை விட்டு வேற்று மொழிக்காரரிடம் போனார், மற்றவர் படித்து முடித்துச் சொந்த ஊருக்கே திரும்பினார். வழிநடத்துதல் ஒருவருக்கு ஒரு மாதிரி இல்லை போலிருக்கிறது.

சமணன் பார்வை

நான் சமணன். உலகைப் படைத்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, அனுப்பி வைக்கும் ஒரு கடவுளை எங்கள் சமயம் ஏற்பதில்லை. அவரவர் வினை, அவரவர் முயற்சி. தீர்த்தங்கரர்கூட வழியைக் காட்டுவார், கையைப் பிடித்து இழுத்துப் போகமாட்டார். அதனால் நண்பரிடம் சொன்னேன்: "தம்பி, கடவுள் தயார் பண்ணார்னு நீங்க சொல்றீங்க. சாலமன் தயார் பண்ணார்னு நான் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரி அண்ணே, சாலமனை யார் தயார் பண்ணினது?"

"அவருக்கும் ஊர்ல ஒரு வாத்தியார் இருந்திருப்பார்."

"அந்த வாத்தியாரை?"

இப்படியே போனால் படகு போய்விடும் என்று பேச்சை நிறுத்தினோம். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறோம் என்று பட்டது. தலைவன் தானாக முளைப்பதில்லை. அவனுக்கு முன்னால் ஒருவர், அவருக்கு முன்னால் ஒருவர் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அதன் முதல் கண்ணியைக் கடவுள் பிடித்திருக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. கண்ணி அறாமல் பார்த்துக்கொள்வது மனுஷன் கடமை என்பது என் நம்பிக்கை. இரண்டிலும் நம் கையில் இருக்கும் வேலை ஒன்றுதானே?

எங்கள் மரபில் வணங்கத்தக்கோர் ஐவர்: அருகர், சித்தர், ஆச்சாரியர், உபாத்தியாயர், சாதுக்கள். ஆச்சாரியர் சங்கத்தை நடத்துபவர், அவருக்கு 36 குணங்கள் வேண்டும். உபாத்தியாயர் பாடம் சொல்பவர், அவருக்கு 25. நம் வாயில் வழங்கும் 'வாத்தியார்' என்ற சொல் உபாத்தியாயர் என்பதிலிருந்து வந்ததுதான். பள்ளிக்கூடம் என்பதில் உள்ள 'பள்ளி'யும் சமண முனிவர் உறைவிடத்தின் பெயர்தான். ஆச்சாரியர் வேறு, உபாத்தியாயர் வேறு என்று பெரியோர் பிரித்து வைத்தது சும்மா இல்லை. தலைமை தாங்குவது ஒரு தொழில், தலைவனை உருவாக்குவது இன்னொரு தொழில். ரிச்சர்ட்சன் ஆச்சாரியர் என்றால் சாலமன் உபாத்தியாயர்.

ஆச்சாரியருக்கு இன்னொரு விதியும் உண்டு. சல்லேகனை ஏற்கும் முன் பதவியைத் தக்க சீடரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 1955-ல் குந்தல்கிரியில் சல்லேகனை இருந்த சாந்திசாகர முனிவர், ஆச்சாரியப் பதவியை வீரசாகரருக்குக் கொடுத்துவிட்டுத்தான் உடலை விட்டார். மோசே யோசுவாவின் தலையில் கை வைத்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

இப்போது மொராவியர் கேள்விக்கு வருகிறேன். அவர்களிடம் இல்லாதது பக்தி அல்ல. நோய் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை, மொழி இடம் கொடுக்கவில்லை. அந்த மண்ணில் பிறந்த ஒரு பிள்ளையைத் தயார் செய்து நிறுத்த அவர்களால் முடியவில்லை. சாலமனால் முடிந்தது, அதனால் அவருடைய வேலை நின்றது. கடவுளை நம்புகிறவர் அதை வேளை வந்தது என்பார். நான் ஊழ் கூடியது என்பேன். கல்லறையில் இருக்கும் அந்த 24 பேரை இருவரும் குறைத்துப் பேச வேண்டாம்.

என் கணக்கு

மற்றவர் கணக்கைப் பார்த்தவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்கான ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நான் 14 வருஷம் பார்த்துக்கொண்டேன். சாவி என்னிடம், வருகைப் பதிவேடு என்னிடம், புத்தகப் பெட்டி என் கடையில். பாடம் நடத்திய அம்மா ஊருக்குத் திரும்பிப் போனதும் வகுப்பு நின்றது. அடுத்து யார் நடத்துவது? ஒருவரும் இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்ல" என்று நானும் எல்லாரையும் போலப் புலம்பினேன்.

சாலமன் கதையை எழுதத் தொடங்கியபோதுதான் உறைத்தது. ஆர்வம் இல்லாமல் போகவில்லை, நான் யாரிடமும் சாவியைக் கொடுக்கவில்லை. 14 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் பெரியவர்களாகிப் போனார்கள்! ஒருத்தரைக் கூப்பிட்டு, "நீ சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடும்மா, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்று சொல்லியிருந்தால் வகுப்பு நின்றிருக்காது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற ஒரு பெருமை எனக்குள் இருந்தது. அந்தப் பெருமைதான் வகுப்பை மூடியது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லி ஆக வேண்டும்.

போன வருஷம் புத்தகப் பெட்டியையும் சாவியையும் கல்லூரி முடித்த இரண்டு பெண்களிடம் கொடுத்தேன். அவர்கள் தமிழில் பிழை வருகிறது. 'ழ'வும் 'ள'வும் தகராறு பண்ணுகிறது. இங்கே பிறந்து இந்தி மீடியத்தில் படித்த பிள்ளைகள், வேறு எப்படி இருக்கும்? முதல் ஞாயிறு வாயைத் திறந்து திருத்தப் போனேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் தமிழர் வீட்டுப் பிள்ளைகளே அல்ல, பக்கத்து வீட்டு மலையாளி வீட்டுப் பிள்ளைகள்.

2005-ல் சிலேட்டும் பல்பமும் வாங்கிப் போன அந்தப் பெரியவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. கார் நிக்கோபாருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், எனக்கு அங்கே போகும் வேலையும் அமையவில்லை. ஆனால் சாத்தம் படகில் நிக்கோபார்ப் பிள்ளைகள் கல்லூரிப் பையோடு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மூஸ் கிராமத்தில் ஒரு தமிழ் உபதேசியார் விளக்கு வைத்துக்கொண்டு நாட்குறிப்பு எழுதுவதாக ஒரு காட்சி மனதில் வருகிறது.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் படம் வைக்கிறோம், நல்லது. வேதப்பன் சாலமன் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் எந்த மதம் என்று பார்க்க வேண்டாம். இந்தத் தீவுக்கு வந்த தமிழன் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இப்போது பொறுப்பில் இருப்பவர்கள், நானும் சேர்த்துத்தான், தங்களுக்கு அடுத்து யார் என்று பெயர் சொல்ல முடிகிறதா என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிழை இருந்தால் பொறுத்தருள்க.